வாயிலில் நிற்பவனும் உள்ளிருந்து அழைப்பவனும்

திகில் கதைகளை ஆய்வுக்குரிய ஆக்கங்களாகக் கொள்ளும் வழக்கம் நமது எழுத்துலகில் மிகக் குறைவு. இரவைக் கழிப்பதற்கான பொழுதுபோக்கு என்ற அளவிலேயே அவை ஒதுக்கப்படுகின்றன. ஆயினும் ஒரு சமூகம் எதற்கு அஞ்சுகின்றது, அந்த அச்சத்தின் முன்னால் எதனைக் கேடயமாகப் பிடிக்கின்றது என்பதை அதன் உயர் இலக்கியங்களைக் காட்டிலும் இத்தகைய கதைகளே சில வேளைகளில் வெளிப்படையாகச் சொல்லிவிடுகின்றன. பிராம் ஸ்டோக்கர் 1897ஆம் ஆண்டு வெளியிட்ட 'டிராகுலா' நாவலை அடியொற்றி மார்க் கேட்டிஸ், ஸ்டீவன் மொஃபட் ஆகிய இருவரும் எழுதிய மூன்று பகுதித் தொலைக்காட்சித் தொடரை இந்த நோக்கிலேயே நாம் அணுகுகின்றோம். 2020 ஜனவரி முதல் மூன்று நாட்களில் பி.பி.சி. அதனை ஒளிபரப்பியது; அதனையடுத்து நெட்பிளிக்ஸ் வாயிலாக அது உலகெங்கும் சென்றது. தொடர் முழுவதும் நமது கவனத்துக்குரியதல்ல. அதன் முதற் பகுதியில், புடாபெஸ்ட் நகரத்துக் கன்னியர் மடமொன்றின் இரும்பு வாயிலில் இரத்தக் காட்டேரி வந்து நிற்கும் அந்த ஓர் இரவே நமது பொருள்.

காட்சியைச் சுருக்கமாகச் சொல்வோம். டிரான்சில்வேனியாவிலுள்ள கோட்டையிலிருந்து தப்பி வந்த ஜொனதன் ஹார்க்கர் என்ற இளம் ஆங்கிலேய வழக்கறிஞன் அம்மடத்தில் அடைக்கலம் பெற்றிருக்கின்றான். அவனைத் தேடி டிராகுலா பிரபு ஓநாயாக வருகின்றான். ஓநாயின் தோலைக் கிழித்துக்கொண்டு மனிதனாக வெளிப்படுகின்றான். உள்ளே, அங்கிகளுக்குள் கூரிய மரமுளைகளை மறைத்து வைத்திருக்கும் கன்னியாஸ்திரிகள். அவர்களுக்கு முன்னால் சகோதரி அகதா. அவர் அவனைக் கண்டு அஞ்சவில்லை. மாறாக, ஓர் ஆய்வாளர் அரிய உயிரினமொன்றை நோக்குவது போல நோக்கி, கேள்வி மேல் கேள்வி கேட்டு, தமது இரத்தத்தைக் காட்டியே சீண்டிப் பார்க்கின்றார். கதவு பெரிதாகப் பூட்டப்பட்டிருக்கவுமில்லை, அதற்குத் தேவையுமில்லை. உள்ளிருக்கும் எவரேனும் வருக என்று சொல்லாத வரை அவனால் அந்த எல்லைக்கோட்டைத் தாண்ட முடியாது.

தொடரிலேயே மிகச் சிறந்த காட்சி இதுதான் என்பது நமது கருத்து. டொலி வெல்ஸ் என்ற நடிகை அகதாவுக்குத் தந்திருக்கும் வறண்ட நகைச்சுவை அதற்கொரு காரணம். ஆயினும் காட்சியின் உண்மையான பலம் அந்த அனுமதி விதியில் இருக்கின்றது. ஆயுதம், எண்ணிக்கை, மதில் எதுவும் பொருட்டல்ல என்ற நிலையில் ஒரேயொரு சொல் மாத்திரம் உயிருக்கும் மரணத்துக்கும் இடையில் நிற்கின்றது.

முஸ்லிம் வாசகருக்கு இந்த விதி புதியதாகத் தோன்றாது. பிறர் இல்லங்களில் அனுமதி பெற்று, உள்ளிருப்போருக்கு ஸலாம் கூறாமல் நுழையக் கூடாதென்றும், திரும்பிச் செல்லுங்கள் எனச் சொல்லப்பட்டால் திரும்பிவிட வேண்டுமென்றும் ஸூறா அந்நூர் (24:27-28) பணிக்கின்றது. வீட்டின் வாயில் வெறும் மரச்சட்டமன்று, அது ஒரு ஹுர்மத் என்பதே அதன் உட்கிடை. இன்னொரு நபிமொழி இதனைவிடவும் நெருங்கி வருகின்றது. ஒருவர் தமது இல்லத்தினுள் நுழையும்போதும் உண்ணும்போதும் அல்லாஹ்வை நினைவுகூர்ந்தால், இங்கே உங்களுக்குத் தங்க இடமுமில்லை, இரவுணவுமில்லை என்று ஷைத்தான் தன் கூட்டத்தாரிடம் கூறுவதாக ஸஹீஹ் முஸ்லிமில் பதிவாகியுள்ள செய்தி அது. இரவுணவு தேடி வந்தவன் வாசலோடு நிற்கின்றான் என்ற இந்தச் சித்திரத்தையும் புடாபெஸ்ட் மடத்து வாயிலையும் அருகருகே வைத்துப் பார்க்கும்போது, கிறிஸ்தவ ஐரோப்பாவின் கதையென நாம் தள்ளி வைத்திருந்த ஒன்றில் நமக்கும் பேசுவதற்கு இடமுண்டு என்பது புலனாகும். வேறுபாடும் உண்டு. நமது மரபில் ஷைத்தானைத் தடுத்து நிறுத்துவது வீட்டாரின் மௌனமல்ல, அவர்களது திக்ர். வாயில் தானாகக் காப்பதில்லை.

அம்மடம் எவ்வாறு வீழ்ந்தது என்பதே காட்சியின் கரு. டிராகுலா வாயிலை உடைக்கவில்லை. கன்னியாஸ்திரிகளுள் ஒருவரும் விசுவாசம் தளர்ந்து அவனை அழைக்கவில்லை. காட்டேரியின் தீண்டலால் உயிரோடுமில்லாமல் இறந்தும் போகாமல் ஆகிவிட்ட ஹார்க்கர் தன்னை மாய்த்துக்கொள்ள முயல்கின்றான். அந்த நிலையிலுள்ளவனுக்கு அதுவும் இயலவில்லை. அந்நேரம் டிராகுலா ஒரு பேரம் பேசுகின்றான்: என்னை உள்ளே விடு, உனக்கு மரணத்தைத் தருகின்றேன். ஹார்க்கர் இசைகின்றான். தனக்கு அடைக்கலம் தந்த பெண்கள் அத்தனை பேரையும் ஒரு வார்த்தையால் கையளித்து விடுகின்றான்.

மூல நாவலை அறிந்தவர்கள் இவ்விடத்தில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஸ்டோக்கரின் நாவலில் ஹார்க்கர் இத்தகைய துரோகம் எதனையும் செய்யவில்லை. அவன் குணமடைந்து, மணமுடித்து, இறுதியில் டிராகுலாவை வேட்டையாடுகின்றான். அங்கே காட்டேரியை உள்ளே அழைப்பவன் மனநோய் விடுதியில் வைக்கப்பட்டிருக்கும் ரென்ஃபீல்ட் என்ற நோயாளி. அவனுக்குக் காட்டப்படும் ஆசை உயிர்கள். எலிகள் முதலாக எண்ணற்ற உயிர்களை உண்ணத் தருவதான வாக்குறுதி. தொடரை எழுதியவர்கள் அந்தப் பாத்திரத்தின் பழியை ஹார்க்கரின் மேல் ஏற்றி, ஆசையையும் தலைகீழாக்கினர். அங்கே உயிரின் மேல் பேராசை, இங்கே மரணத்தின் மேல் பேராசை. நோயாளிகளைப் பேணும் இல்லம், உள்ளேயிருக்கும் நோயாளி ஒருவனால் திறந்துவிடப்படுகின்றது என்ற அமைப்பு மாத்திரம் மாறவில்லை. தழுவலாக்கம் என்ற வகையில் இது மூலத்தைக் கூர்ந்து வாசித்தவர்களுக்கே கைகூடும் மாற்றம். இதற்காக அவர்களைப் பாராட்டுவதில் நமக்குத் தயக்கமில்லை.

ஸூறா இப்ராஹீமின் 22ஆம் வசனத்தை இவ்விடத்தில் நினைக்காமல் இருக்க முடியவில்லை. தீர்ப்பு முடிந்த பின்னர் ஷைத்தான் தன்னைப் பின்பற்றியோரை நோக்கி, உங்கள் மீது எனக்கு எவ்வித அதிகாரமும் இருக்கவில்லை, நான் அழைத்தேன், நீங்கள் பதிலளித்தீர்கள், ஆகவே என்னைப் பழிக்காது உங்களையே பழித்துக்கொள்ளுங்கள் என்ற கருத்தில் பேசுவதாக அங்கு வருகின்றது. தீமையின் ஆற்றல் அழைப்பதில் முடிந்துவிடுகின்றது; கதவைத் திறப்பது மனிதனின் கை. அத்துடன், தனக்கு நேர்ந்த துன்பத்தின் காரணமாக எவரும் மரணத்தை விரும்ப வேண்டாம், தவிர்க்க இயலாவிடில் வாழ்வு நன்மையாயிருக்கும் வரை வாழச் செய்யுமாறும் மரணம் நன்மையாகும்போது மரணிக்கச் செய்யுமாறும் இறைவனிடம் கேட்கட்டும் என நபி (ஸல்) அவர்கள் கற்பித்தமை புகாரியில் உள்ளது. ஹார்க்கரின் நிலை இரங்கத்தக்கது. அவனது வேதனையை நாம் எளிதாக எடைபோட முடியாது. எனினும் அவன் தன் மரணத்தை யாரிடம் கேட்டான் என்பதில்தான் ஒரு மடமே அழிந்தது.

இனி நமது முரண்பாட்டுக்கு வருவோம். அகதா யார்? தமது துறவு வாழ்வை, தலைக்கு மேல் ஒரு கூரை வேண்டுமென்பதற்காகத் தொடரும் அன்பற்ற இல்லறத்துக்கு ஒப்பிட்டுப் பேசும் கன்னியாஸ்திரி அவர். இறைவனைத் தேடிக் களைத்து, இப்போது பேயைத் தேடுகின்றார். மறுபுறம் மடத் தலைவி. தம் சகோதரிகளை விசுவாசத்தில் உறுதிப்படுத்த அவர் உரையாற்றிக்கொண்டிருக்கும்போதே அவரது தலை துண்டிக்கப்படுகின்றது. காட்சி அமைக்கப்பட்டிருக்கும் விதத்தில் அது ஏறத்தாழ ஒரு நகைச்சுவைத் துணுக்காகவே பார்வையாளரைச் சென்றடைகின்றது. விசுவாசி பேசுகின்றார், வெட்டுப்படுகின்றார். ஐயம் கொண்டவர் சிந்திக்கின்றார், பிழைக்கின்றார். கன்னியர் மடமொன்றைக் கதைக்களமாகக் கொண்ட தொண்ணூறு நிமிடப் பகுதியில் அறிவும் ஈமானும் ஒரே நெஞ்சில் குடியிருக்கும் ஒரு பெண்ணையேனும் எழுதுவதற்கு அந்த இருவருக்கும் மனம் வரவில்லை. ஏனைய கன்னியாஸ்திரிகள் பெயருமில்லாமல் ஓநாய்களுக்கு இரையாகின்றனர்.

இது கிறிஸ்தவர்கள் கவலைப்பட வேண்டிய விடயம், நமக்கென்ன என்று கேட்போர் இருக்கலாம். துறவறத்தை இஸ்லாம் விதிக்கவில்லை. அது அவர்களாகவே ஏற்படுத்திக் கொண்டதென ஸூறா அல்ஹதீத் (57:27) கூறுகின்றது. ஆயின் அதே வசனம் ஈஸா (அலை) அவர்களைப் பின்பற்றியோரின் உள்ளங்களில் இரக்கமும் கருணையும் வைக்கப்பட்டதையும் சொல்கின்றது. அல்லாஹ் மனிதர்களுள் சிலரைக் கொண்டு சிலரைத் தடுக்காவிடில் இடிக்கப்பட்டிருக்கும் இடங்களை ஸூறா அல்ஹஜ் (22:40) எண்ணும்போது, மஸ்ஜித்களுக்கு முன்னரே மடாலயங்கள் வருகின்றன. ஷாம் நோக்கிப் படை அனுப்பிய அபூபக்ர் (ரழி) அவர்கள், துறவிகளை அவர்களது தனிமையில் விட்டுவிடுமாறு பணித்த செய்தி இமாம் மாலிக்கின் முவத்தாவில் உள்ளது. ஒரு மடத்தின் வாயில் உடைபடுவதைக் கேலியாகக் காண நமக்குக் கற்பிக்கப்படவில்லை.

இவ்வளவு சொன்ன பின்னர், அகதாவின் இறுதிச் செயலையும் சொல்லாது விடுவது நீதியாகாது. நற்கருணை அப்பத் துகள்களால் வட்டமிட்டு அவரும் ஹார்க்கரின் வருங்கால மனைவி மீனாவும் அதனுள் ஒதுங்கி நிற்க, டிராகுலா ஹார்க்கரின் தோலையே போர்த்திக்கொண்டு வருகின்றான். மீனா இரக்கத்தால் ஏமாந்து வட்டத்தினுள் அழைத்துவிடுகின்றாள். அப்போது அகதா, மீனாவை விட்டுவிடு, என்னை எடுத்துக்கொள் என்று தம்மையே ஈடாக வைக்கின்றார். இதனை நமது மரபு ஈஸார் என்று அழைக்கின்றது. விசுவாசத்தைக் கைவிட்டவராக எழுதப்பட்ட பாத்திரம், அந்த மடத்தின் விசுவாசத்தால் மாத்திரமே விளங்கக்கூடிய ஒரு செயலைச் செய்கின்றது. எழுதியவர்கள் இதனை உணர்ந்து செய்தார்களா என்பதில் நமக்கு ஐயமே.

சிலுவை குறித்தும் ஒரு வார்த்தை. டிராகுலா பிரபு நாவலில் தன் குலப்பெருமை பேசும்போது துருக்கியரோடு பொருதிய போர்களையே முதன்மையாகச் சொல்கின்றான். அவனது பெயர் பதினைந்தாம் நூற்றாண்டில் உஸ்மானியரை எதிர்த்த வலாக்கிய ஆட்சியாளனுக்குரியது. மடம் அமைந்த நகரத்தின் புடாப் பகுதியும் 1541 முதல் 1686 வரை உஸ்மானிய ஆட்சியிலிருந்தது. குல் பாபாவின் அடக்கத்தலம் இன்றும் அங்குண்டு. தொடரில் இந்த வரலாற்றுக்குக் கனமான இடமேதுமில்லை. துருக்கியரோ இக்கதையைத் தமதாக்கிக்கொள்ளப் பின்வாங்கவில்லை. அலி ரிஸா ஸைஃபி 1928இல் அதனை இஸ்தான்பூலுக்குக் கொண்டுவந்து துருக்கிய நாவலாக்கினார். அதிலிருந்து 1953இல் எடுக்கப்பட்ட திரைப்படத்தில் சிலுவைக்கு வேலையில்லை, வெள்ளைப்பூண்டே போதுமாயிற்று. சிலுவை போனாலும் கதை நிற்கின்றது. அழைப்பு போனால் நிற்காது.

தொடரின் மூன்றாம் பகுதியில் நிகழ்வது இதனாலேயே நம்மை ஏமாற்றியது. கதை நமது காலத்து லண்டனுக்குத் தாவுகின்றது. சூரிய ஒளி, சிலுவை, அனுமதி ஆகிய யாவும் உண்மையான தடைகளல்ல, நூற்றாண்டுகளாக அவன் தானே நம்பத் தொடங்கிவிட்ட பழக்கங்கள் மாத்திரமே என்றும், மரணத்தை எதிர்கொள்ளும் துணிவின்மையே அவனது ஆழத்திலுள்ள வெட்கம் என்றும் புதிர் அவிழ்க்கப்படுகின்றது. மரண வெறுப்பைப் பிணியின் வேராகக் கண்டது நல்ல கண்டுபிடிப்பு. உலகப் பற்றும் மரண வெறுப்பும் சேர்ந்த 'வஹ்ன்' பற்றிய நபிமொழியை அறிந்தவர்கள் அதனை உடனே இனங்காண்பர். ஆனால் அதற்காகக் கொடுத்த விலை பெரிது. அனுமதி வெறும் பழக்கமென்றால் ஹார்க்கரின் சம்மதத்துக்கு என்ன பொருள்? அவன் இசைந்தாலும் மறுத்தாலும் ஒன்றே என்றாகிவிடுகின்றது. முதற் பகுதி ஈட்டிய அறக்கனத்தை மூன்றாம் பகுதி ஒரு சாமர்த்தியமான திருப்பத்துக்காக விற்றுவிட்டது.

நாவலில் சகோதரி அகதா வரும் இடம் மிகச் சிறியது. தொடரின் ஆசிரியர்கள் ஒரு கடிதத்திலிருந்து முழுப் பாத்திரத்தை வளர்த்தெடுத்தனர். அந்தச் சிறிய இடத்தில் அவர் வேறொருவர். காய்ச்சலில் ஹார்க்கர் பிதற்றியவை என்னவென்று மீனா கேட்கும்போது அவர் சொல்ல மறுக்கின்றார். நோயாளியின் பிதற்றல்கள் இறைவனுக்குரிய இரகசியங்கள், பணிவிடை செய்பவள் அவற்றைக் கேட்க நேர்ந்தால் அந்த அமானிதத்தைப் பேண வேண்டும் என்பது அவர் நிலைப்பாடு. தொடரின் அகதாவோ ஹார்க்கரை எதிரில் அமர்த்தி ஒவ்வொன்றாகக் கறந்தெடுக்கும் விசாரணையாளர். இருவருள் யார் அறிவாளி என்று கேட்டால் இன்றைய பார்வையாளர் தயங்காமல் இரண்டாமவரைச் சுட்டுவார். நாம் முதலாமவரின் பக்கம் நிற்கின்றோம். ஆகஸ்ட் 12ஆம் திகதியிட்ட தமது கடிதத்தை முடித்த பின்னர் அவர் அதனை மீண்டும் திறக்கின்றார். நோயாளி உறங்கிக்கொண்டிருந்த நேரத்தில் மீண்டும் பேனாவை எடுத்து, அவன் ரயில் நிலையத்துக்குள் ஓடிவந்து ஊருக்குச் செல்லப் பயணச்சீட்டு வேண்டுமெனக் கூவியதையும், அந்தத் திசையில் ரயில் செல்லக்கூடிய மிகத் தொலைவான நிலையம் வரை அங்கிருந்தோர் அவனுக்குச் சீட்டுக் கொடுத்ததையும், தாம் ஒருபோதும் கண்டிராத மீனாவுக்காக எழுதிச் சேர்க்கின்றார்.