மஞ்சளில் மூன்று கறுப்புக் கோடு

கட்டம் போட்ட பாவாடை மாதிரி ஒன்றைக் கட்டிக்கொண்டு, கக்கத்தில் பையை இடுக்கி வாத்தியம் ஊதுகிற ஸ்காட்லாந்துக்காரரைப் படத்திலாவது பார்த்திருப்பீர்கள். பாவாடை என்றால் மனிதருக்குக் கோபம் வரும். அது கில்ட். அந்தக் கட்டத்துக்குப் பெயர் டார்ட்டான். இன்ன நிறம், இன்ன கோடு என்றால் இன்ன குலம் என்று பெரிய பட்டியலே உண்டு. எடின்பரோ கடைகளில் உங்கள் குலப்பெயரைச் சொன்னால் போதும், துணியை எடுத்துப் போட்டுவிடுவார்கள்.

ஒரு டார்ட்டானில் என்னென்ன நிறம் இருக்கிறது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? கண்ணால் எண்ணினால் ஏமாந்து போவீர்கள். பாவில் நிறங்கள் எந்த வரிசையில் வருகின்றனவோ, பெரும்பாலும் அதே வரிசைதான் ஊடையிலும். சிவப்பு சிவப்பைச் சந்திக்கிற இடத்தில் சுத்தச் சிவப்பு. சிவப்பு பச்சையைச் சந்திக்கிற இடத்தில் இரண்டுங்கெட்டானாக ஒரு மங்கல். ஆறு நிற நூல் போட்டால் துணியில் 21 சாயல் தெரியும். ஆறு அசல், பதினைந்து கலப்படம். அதனால் விவரம் தெரிந்தவர்கள் நூலை எண்ணுகிறார்கள். கறுப்பு இத்தனை, பச்சை இத்தனை, மஞ்சள் இத்தனை என்று எழுதிவைக்கிற அந்தக் கணக்கு, பி.காம். படித்த எனக்குப் பேரேடு மாதிரிதான் தெரிகிறது.

சாயமும் காலை வாரும். ஒரே டார்ட்டானை 'மாடர்ன்' என்று அடர்த்தியாகவும், 'ஏன்ஷியன்ட்' என்று வெளுப்பாகவும் விற்கிறார்கள். ஏன்ஷியன்ட் என்றால் பழசு என்று நினைத்துவிடாதீர்கள். பழசு மாதிரி தெரியட்டும் என்று போட்ட புதுச்சாயம்.

சரி, இந்தக் குலத்துக்கு இந்த நிறம் என்று முதலில் எழுதிவைத்தது யார்? இங்கேதான் 'வெஸ்டியேரியம் ஸ்காட்டிகம்' வருகிறது. 1842-ல் எடின்பரோவில் வெளியான, ஆடம்பரமான புத்தகம். 75 டார்ட்டான்கள், வண்ணப் படங்களோடு. பதினாறாம் நூற்றாண்டு ஏட்டிலிருந்து எடுத்தது என்று சத்தியம் செய்கிறது. வெளியிட்டவர்கள் சோபியெஸ்கி ஸ்டூவர்ட் சகோதரர்கள். ஸ்டூவர்ட் ராஜ வம்சத்து வாரிசுகள் என்று தங்களைச் சொல்லிக்கொண்டார்கள். நிஜப் பெயர் ஆலன். ஊரில் கேட்டால், கடற்படை அதிகாரி ஒருவரின் பிள்ளைகள்.

அதற்கு முன்பே, 1829-ல், விஷயம் எழுத்தாளர் வால்டர் ஸ்காட் காதுக்குப் போனது. மெக்லவுட் குலத்துக்குப் பளீர் மஞ்சளில் மூன்று கறுப்புக் கோடு என்றார்கள். மனிதர் அசரவில்லை. டார்ட்டானை வைத்துக் குலத்தைப் பிரிப்பதே புது ஃபேஷன். சமவெளிக் குடும்பங்களுக்கெல்லாம் டார்ட்டான் ஏது என்று கேட்டுவிட்டார். மூல ஏட்டைக் காட்டச் சொன்னால், அப்பா சம்மதிக்கவில்லை என்று பதில். கடைசிவரை அந்த ஏட்டை வெளியாள் ஒருவரும் பார்க்கவில்லை. வேடிக்கை என்னவென்றால், ஸ்காட் இறந்து பத்து வருஷம் கழித்து வந்த புத்தகத்தில் ஸ்காட் குடும்பத்துக்கும் ஒரு டார்ட்டான் இருந்தது.

ரொம்பவும் சிரிக்க வேண்டாம். 1822-ல் நான்காம் ஜார்ஜ் மன்னர் எடின்பரோ வந்தபோது, ஊரையே டார்ட்டானில் முக்கியெடுத்த விழாவை முன்னின்று நடத்தியவர் இதே ஸ்காட்தான்.

டிசைன் புத்தகமாக வெஸ்டியேரியம் பிரமாதம். சரித்திரமாக, மோசடி. அந்த மஞ்சள் மெக்லவுட் இன்றும் விற்பனையில் இருக்கிறது. வாங்குகிறவர்கள் பரம்பரைச் சொத்தாகவே கட்டுகிறார்கள்.

என்னைக் கேட்டால், பேச வேண்டிய புத்தகம் வேறு. பானக்பர்ன் ஊரில் வில்சன் என்ற நெசவுக் கம்பெனி 1819-ல் எழுதிவைத்த மாதிரிக் கணக்கு. கவிதை கிடையாது, வம்சப் பெருமை கிடையாது. இத்தனை நூல், இன்ன நிறம், அவ்வளவுதான். 1746 சட்டம் மலைநாட்டு ஆண்களின் உடைக்குத் தடை போட்டது. மீறினால் ஆறு மாதம் ஜெயில். மறுபடி மாட்டினால் ஏழு வருஷம் கடல் கடத்தல். 1782-ல் தடை நீங்கியது. அதன் பிறகு தங்கள் கட்டம் எது என்று குலத்தலைவர்களுக்கே சந்தேகம். கம்பெனி காட்டியதை வாங்கிக்கொண்டவர்களும் உண்டு.

வரலாற்றாசிரியர் ட்ரெவர்-ரோப்பர் 1983-ல் எழுதிய கட்டுரையில் ஓர் உதாரணம் தருகிறார். மெக்ஃபெர்சன் குலத்துக்குப் போன கட்டத்துக்கு அதற்கு முன் 'கிட்' என்று பெயர். கிட் என்ற ஆசாமி மேற்கிந்தியத் தீவுகளில் இருந்த தன் அடிமைகளுக்காக மொத்தமாக வாங்கியிருந்தார். அதற்கும் முன்னால் அது வெறும் நம்பர். அடிமைகள் போட்ட துணி, தலைவருக்கு வந்ததும் குலச்சின்னம்! கில்ட் கடை விளம்பரங்களில் இந்தக் கிட் வருவாரா என்ன?

ட்ரெவர்-ரோப்பர் எழுத்தில் நல்ல நக்கல் உண்டு. படித்தால் அத்தனையும் பித்தலாட்டம் என்றே தோன்றும். அங்கேதான் எனக்கு இடிக்கிறது. (போலியைக் கிழித்த இதே மனிதர், அதே 1983-ல் ஹிட்லரின் டைரி என்று வந்த போலியை அசல் என்று சொல்லிச் சிக்கிக்கொண்டார் என்பது தனிக்கதை.) குலச்சின்னம் புதுசு, ஒப்புக்கொள்வோம். 1745 கிளர்ச்சியை வரைந்த டேவிட் மோரியரின் ஓவியத்தில், எட்டு மலைநாட்டு வீரர்கள் இருபதுக்கும் மேற்பட்ட விதக் கட்டங்களில் நிற்கிறார்கள். தங்கள் படை ஆளை அவர்கள் அடையாளம் கண்டது தொப்பியில் குத்திய வெள்ளை ரிப்பன் பூவை வைத்து.

ஆனால் துணி பழசு. மார்ட்டின் மார்ட்டின் 1703-ல் எழுதிய பயண நூலில், தீவுப் பெண்கள் ஒரு மரத்துண்டில் ஒவ்வொரு கோட்டுக்கும் எத்தனை நூல் என்று குறித்துவைத்து, அதைப் பார்த்து நெய்தார்கள் என்கிறார். கட்டத்தைப் பார்த்து ஆளின் ஊரைச் சொல்லலாமாம். ஊரைத்தான், குலத்தை அல்ல. சகோதரர்களுக்கும் முன்னே, வில்சனுக்கும் முன்னே, அந்த மரத்துண்டில் இருந்தது அசல் கணக்கு. அதை வைத்திருந்த பெண்களின் பெயர் எந்தப் பட்டியலிலும் இல்லை.

க்ளென் அஃப்ரிக் பக்கத்துச் சதுப்பில் 1980-களில் ஒரு கந்தல் கிடைத்தது. சோதித்து, பெரும்பாலும் 1500-க்கும் 1600-க்கும் இடைப்பட்டது என்று 2023-ல் அறிவித்தார்கள். பச்சையும் பழுப்பும் கண்ணுக்குத் தெரிகின்றன. சிவப்பும் மஞ்சளும் இருந்திருக்கலாம். பச்சையில் அவுரியோ அதே சாயம் தரும் ஐரோப்பியச் செடியோ சேர்ந்திருக்கிறது. செயற்கைச் சாயம் துளியும் இல்லை. டண்டீ மியூசியத்தில் காட்சிக்கு வைத்தார்கள். எந்தக் குலம் என்று எழுதவில்லை.