கயாக் பந்தயத்தை எப்படிப் பார்ப்பது?

ஒலிம்பிக் நேரத்தில் டிவியில் கயாக் பந்தயம் வந்தால் பலரும் சேனலை மாற்றிவிடுகிறார்கள். எல்லாப் படகும் ஒரே மாதிரி, எல்லாரும் துடுப்பைச் சுழற்றுகிறார்கள், யாரோ ஜெயிக்கிறார்கள். இதில் சுவை தட்ட வேண்டுமென்றால் ஒரு வீரரைப் பிடித்துக்கொண்டு உள்ளே போக வேண்டும். என் சிபாரிசு மிலான் யானிச். செர்பியாவில், டான்யூப் நதிக்கரையில் இருக்கும் பாச்கா பலாங்கா ஊர்க்காரர். அன்றைய யூகோஸ்லாவியாவுக்காகப் படகோட்டினார்.

ஒற்றையர் கயாக் 10,000 மீட்டரில் அவர் 1978, 1979, 1982 என மூன்று முறை உலக சாம்பியன். அதில் இரண்டு பட்டங்கள் சொந்த மண்ணான பெல்கிரேடில் வென்றவை. இந்தப் பந்தயத்தில் தனித்தனிப் பாதை கிடையாது. மிதவைகளைச் சுற்றிச் சுற்றி வர வேண்டும். முன்னால் போகும் படகு கிளப்பும் அலையில் தன் படகை ஏற்றிக்கொள்பவருக்கு நிறைய உழைப்பு மிச்சம், லாரியை ஒட்டி சைக்கிள் விடும் பையனைப் போல. ஆகவே முதலில் போகிறவரை விட்டுவிட்டு இரண்டாவது, மூன்றாவது ஆளைக் கவனியுங்கள். அலையை விட்டு அவர் எப்போது வெளியே வருகிறார் என்பதுதான் கதை.

ஒலிம்பிக்கில் இந்தத் தூரம் 1956-க்குப் பிறகு இல்லை. எனவே 1984 லாஸ் ஏஞ்சல்ஸில் யானிச் 1,000 மீட்டருக்கு இறங்கினார். அங்கே ஆளுக்கொரு பாதை, அடுத்தவர் அலையைத் தொடக்கூடாது. நியூசிலாந்தின் ஆலன் தாம்சன் 3 நிமிடம் 45.73 நொடி; யானிச் 3 நிமிடம் 46.88. வெள்ளி. சோவியத் அணியும் அதன் கூட்டாளிகள் பலரும் வராத ஒலிம்பிக் அது என்று சிலர் உதட்டைப் பிதுக்குவார்கள். ஆனால் அங்கே மூன்றாவதாக வந்த அமெரிக்கர் கிரெக் பார்ட்டன்தான் சோவியத் அணியும் வந்திருந்த 1988 சியோலில் இதே பந்தயத்தின் தங்கத்தை வென்றார். அவரை முந்திய வெள்ளியை மட்டமாகப் பேச எனக்கு மனம் வரவில்லை.

சரி, கண்ணை எங்கே வைப்பது? தோளில் வேண்டாம், முழங்காலில் வையுங்கள். வலப்பக்கம் துடுப்பு இறங்கும்போது வலது கால் படகுக்குள் இருக்கும் பலகையை உதைக்கும், இடுப்பு திரும்பும். கைக்கு வேலை கம்மிதான். துடுப்பு பாதத்தின் பக்கம் நீரில் இறங்கி இடுப்பருகே வெளியேற வேண்டும். படகின் மூக்கு மேலும் கீழும் ஆடினால் ஆள் களைத்துவிட்டார் என்று கொள்ளலாம். சிறகு வடிவத் துடுப்பு பரவியது 1980-களின் நடுவில். அதற்குப் பிந்தைய பந்தயங்களில் துடுப்பு படகை ஒட்டிப் பின்னால் போகாமல் வெளிப்பக்கமாக விரிந்து போவதைப் பார்க்கலாம்.

அப்பாவுக்கு அடுத்து மகள். நதாஷா யானிச் பிறந்தது 1982-இல், அதே பாச்கா பலாங்காவில். 2000 சிட்னியில் யூகோஸ்லாவியாவுக்காக நான்காம் இடம். பிறகு ஹங்கேரிக்குப் போய், 2004 ஏதென்ஸில் இரண்டு தங்கமும் 2008 பெய்ஜிங்கில் ஒன்றும் வென்றார். ஆனால் நான் பார்க்கச் சொல்வது 2012 லண்டனில் அவர் வெண்கலம் வாங்கிய 200 மீட்டரை. பத்தாயிரம் மீட்டரில் அப்பா காட்டிய பொறுமைக்கு இங்கே இடமே இல்லை, முக்கால் நிமிடத்தில் எல்லாம் முடிந்துவிடும். வெள்ளிக்கும் வெண்கலத்துக்கும் நடுவே நொடியில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. எல்லைக்கோட்டில் கணக்கு படகின் மூக்குக்குத்தான், ஓட்டுபவரின் தலைக்கல்ல. அதனால் கடைசி வீச்சில் வீரர்கள் உடம்பைப் பின்னால் சாய்த்து, காலால் படகை முன்னே தள்ளிவிடுவார்கள். ஸ்லோமோஷனில் ஓடவிட்டால் தெளிவாகத் தெரியும்.