சிறு மிதவையிலிருந்து பாஸ் மீன் பிடித்தலை ரசிப்பது எப்படி?

அமெரிக்காவின் தென் மாநிலங்களில் ஊர்தோறும் உள்ள சிற்றேரிகளிலும் பண்ணைக் குட்டைகளிலும், ஓராள் மட்டுமே அமரக்கூடிய காற்றடைத்த ரப்பர் மிதவையில் சென்று பெருவாய் பாஸ் என்னும் நன்னீர் மீனைத் தூண்டிலிட்டுப் பிடிக்கும் கலையை ரசிக்க விரும்புவோர், முதலில் விசைப்படகுப் போட்டிகளை மறந்துவிடுவது நல்லது. 1968இல் ரே ஸ்காட் தொடங்கிய சங்கத்தின் வழியே அப்போட்டிகள் பரவிய பிறகு, பாஸ் பிடித்தல் என்றாலே வேகமும் எடையும்தான் என்ற எண்ணம் வேரூன்றிவிட்டது. ஆனால் ஏரியோரத்தை அங்குலம் அங்குலமாகப் படித்தறிவதே மிதவைக் கலையின் உயிர்நாடி.

சன்ஃபிஷ் குடும்பத்தைச் சேர்ந்த இம்மீனின் மேல்தாடை, வாய் மூடியிருக்கும்போதும் கண்ணின் பின்விளிம்பைத் தாண்டி நீண்டிருக்கும். இரை அருகில் வந்ததும் அது வாயையும் செவுள்மூடிகளையும் ஒருசேர விரிக்க, நீரோடு சேர்ந்து இரையும் உள்ளே இழுக்கப்பட்டுவிடுகிறது. நெடுந்தூரம் துரத்தாமல் மறைந்திருந்து தாக்கும் இயல்பு இது; செடி மறைவில் காத்திருந்து தவளையைக் கவ்வும் விராலை அறிந்த தமிழ் வாசகர்க்கு எளிதில் விளங்கும். ஆகவே சாய்ந்து விழுந்த மரம், படகுத்துறையின் நிழல், அல்லி இலைகளுக்கிடையே தெரியும் நீர்த்திட்டு, கோரை முடிந்து திறந்த நீர் தொடங்கும் விளிம்பு ஆகியவற்றையே கண் தேட வேண்டும்.

மிதவையின் அருமை இங்கேதான் புலப்படுகிறது. மீனின் உடலின் இருபுறமும் ஓடும் பக்கக்கோடு என்னும் உணர்வுறுப்பு நீரின் சிற்றதிர்வையும் அறியக்கூடியது. உலோகப் படகில் துடுப்பு தட்டும் ஓசை நீரில் பரவுவது போல ரப்பர் மிதவையிலிருந்து பரவுவதில்லை என்பதால், பெரிய படகு நுழைய முடியாத கோரை இடுக்கு வரை சந்தடியின்றிச் செல்லலாம். காற்றுதான் இதற்குப் பகை. அனுபவமுள்ளோர் காற்றை எதிர்த்துத் துடுப்பு வலித்துச் சென்று, பிறகு அதன் போக்கிலேயே கரையோரமாக மிதந்து வந்தபடி தூண்டில் வீசுவர். 1932 ஜூன் 2 அன்று ஜார்ஜியாவின் மான்ட்கோமரி ஏரியில் ஜார்ஜ் பெர்ரி ஏறத்தாழ 10.1 கிலோ எடையுள்ள பாஸைப் பிடித்ததும் எளிய சிறு படகிலிருந்துதான்; 2009இல் ஜப்பானின் பிவா ஏரியில் மனாபு குரிட்டா அந்த எடைச் சாதனையைச் சமன்செய்தாரேயன்றி, விதிப்படி விஞ்சியதாகக் கொள்ளப்படவில்லை.

ரசனையின் உச்சம் விடியலிலோ அந்தியிலோ, நீர்மேல் மிதக்கும் பொய்யிரையை வீசும்போது வாய்க்கிறது. இரை விழுந்ததும் எழும் வளையங்கள் விரிந்து அடங்கும் வரை அசையாதிருந்து, பின்னர் நரம்பை ஒருமுறை மெல்லச் சுண்ட, அருகிலுள்ள கோரைத் தண்டு ஒன்று காற்றில்லாமலே ஆடுமானால் மீன் திரும்பிவிட்டது என்று பொருள். அடுத்த கணம் நீர் குழிந்து, "பொளக்" என்ற ஒலியோடு இரை மறையும். நரம்பில் மீனின் கனம் தெரியும் வரை இழுக்காதிருப்பதே தேர்ச்சி. வலிய மீனாயின் மிதவையையே திருப்பித் தன்பக்கம் இழுத்துச் செல்லும். இவ்வின்பம் கனத்த விசைப்படகில் அமர்ந்தவருக்குக் கிட்டாது.

இக்குட்டைகள் பலவற்றில் பாஸுடன் புளூகில் என்னும் சிறு மீனும் விடப்பட்டிருக்கும். இரையும் வேட்டைமீனும் ஒன்றையொன்று சமன்செய்யும் இம்முறையை அலபாமாவின் ஆபர்ன் நகரில் ஹோமர் ஸ்விங்கிள் ஆய்ந்து வகுத்தார். வசந்தத்தில் நீர் ஏறத்தாழ 16 டிகிரி செல்சியஸைத் தாண்டியதும், ஆண் பாஸ் ஆழமற்ற தரையை வாலால் துடைத்துக் கூடமைத்து, பெண்மீன் இட்ட முட்டைகளை இரவும் பகலும் காக்கும். மிதவையிலிருந்து குனிந்து நோக்குவோர்க்கு, தெளிந்த நீரில் வட்டமாக வெளுத்த அத்தரையும், அதன்மேல் துடுப்பசைத்து நிற்கும் கரிய முதுகும் நன்றாகத் தெரியும். அதனைத் தூண்டிலில் பிடித்து உடனே விட்டுவிட்டாலும், அது திரும்புவதற்குள் புளூகில் கூட்டம் முட்டைகளைத் தின்னத் தொடங்கிவிடும் என்பதால், கூட்டின் மேல் நிற்கும் மீனுக்குத் தூண்டில் வீசாமல் பார்த்துவிட்டு மட்டும் கடந்து செல்ல வேண்டும்.