நாடி பார்க்கும் உருண்டை

தைவானின் தைபே 101 கட்டடத்துக்குப் போகிறவர்கள் டிக்கெட் வாங்கி ஓர் இரும்பு உருண்டையைப் பார்க்கிறார்கள். எடை 660 டன். 92-வது மாடியிலிருந்து கேபிளில் தொங்குகிறது. காற்றில் கட்டடம் ஒரு பக்கம் போனால் இது எதிர்ப்பக்கம் இழுத்து ஆட்டத்தைக் குறைக்கும். 2015 ஆகஸ்ட் புயலில் 1 மீட்டர் நகர்ந்தது. அதன் பெயரில் பொம்மைகூட விற்கிறார்கள்!

எனக்கு ஒரு குறை. உருண்டையை மாத்திரையாக மட்டுமே பார்க்கிறோம், அது தெர்மாமீட்டரும்கூட. எந்தக் கட்டடத்துக்கும் ஆடுவதில் ஒரு தாளம் உண்டு. தைபே 101-க்கு ஓர் ஆட்டம் சுமார் 7 விநாடி. உருண்டையை அதற்குச் சுருதி சேர்த்திருக்கிறார்கள். உள்ளே இணைப்புகள் தளர்ந்தால் விறைப்பு குறையும், ஆட்டம் மெதுவாகும், சுருதி பிசகும். சென்சார் வைத்து வருஷக்கணக்கில் குறித்துவந்தால், சுவரை உடைக்காமலே நோவு தெரியும். (வெயில், குளிருக்கும் தாளம் கொஞ்சம் மாறும். ஒருநாள் கணக்கைப் பார்த்து அலறக்கூடாது.)

சரி, தெரிந்தால் யாரிடம் சொல்வார்கள்?

நியூயார்க்கில் 1977-ல் முடிந்த 59 மாடி சிட்டிகார்ப் கட்டடம். தூண்கள் மூலையில் இல்லை, பக்கங்களின் நடுவில். உச்சியில், ஆட்டத்தை அடக்க 400 டன் கான்கிரீட் கட்டை. 1978-ல், வடிவமைத்த பொறியாளர் வில்லியம் லெமெஷருக்கே சந்தேகம் வந்தது. வெல்டிங் செய்யவேண்டிய இணைப்புகளில் போல்ட் போட்டிருந்தார்கள். மூலைவாட்டில் காற்றடித்தால், 55 வருஷத்துக்கு ஒருமுறை வரும் புயலே கட்டடத்தைச் சாய்த்துவிடும் என்றது அவர் கணக்கு. கரண்ட் போய் கட்டை நின்றுவிட்டால், 16 வருஷப் புயலே போதும். புயலில் கரண்ட் போகாதா என்ன!

ராத்திரி ராத்திரியாக, 200-க்கும் மேற்பட்ட இணைப்புகளில் எஃகுத் தகடு வைத்து வெல்டிங் செய்தார்கள். கருவிகள் பொருத்திக் கட்டடத்தின் நாடியையும் பார்த்தார்கள். பகலில் அங்கே வேலை பார்த்தவர்களுக்கு மட்டும் உண்மை போகவில்லை. 1995-ல் நியூயார்க்கர் பத்திரிகை எழுதித்தான் ஊருக்குத் தெரிந்தது. ஆபத்து அத்தனை இல்லை என்று பிற்காலத்தில் மறு ஆய்வு வந்தது, இருக்கட்டும். அன்றைக்கு அவர்கள் நம்பியது பழைய கணக்கைத்தானே?

தப்பை ஒப்புக்கொண்டவர் என்று லெமெஷரை வகுப்புகளில் பாராட்டுகிறார்கள். என்னைக் கேட்டால், பாதிப் பாராட்டுதான் தருவேன். பி.காம். படித்தவன் புத்தி எங்கே போகும்? ஒரே ஒரு பங்கு வைத்திருப்பவருக்கும் ஆடிட்டர் ரிப்போர்ட் போகிறது. உயிரை முதலீடு செய்து 50-வது மாடியில் உட்கார்ந்திருப்பவருக்கு?

வரவேற்பறையில் ஓர் அட்டை ஒட்டினால் போதும்: போன வருஷம் இத்தனை விநாடி, இந்த வருஷம் இத்தனை. பொம்மைக் கடைக்குப் பக்கத்திலேயே ஒட்டட்டும், ஆட்சேபணை இல்லை.