போக்கும் போங்கும்

2022 ஜூன் 23. திருநெல்வேலிக்கு வடக்கே, சங்கர் நகர் இந்தியா சிமென்ட்ஸ் மைதானம். அந்த வருட டி.என்.பி.எல். தொடரின் முதல் ஆட்டத்தில் நெல்லை ராயல் கிங்ஸும் சேப்பாக் சூப்பர் கில்லீஸும் மோதின. பந்து போட ஓடிவந்த பாபா அபராஜித், பந்தைப் போடாமல் ஸ்டெம்பைத் தட்டினார். எதிர்முனையில் கோட்டை விட்டு வெளியே போயிருந்த நாராயண் ஜெகதீசன் ரன் அவுட். 25 ரன்னோடு வெளியேறிய ஜெகதீசன், போகிற வழியில் கோபத்தில் கைவிரலால் ஆபாசமாக ஒரு சைகை காட்டினார். பிறகு சமூக ஊடகத்தில் மன்னிப்பும் கேட்டார். ஆட்டம் டை ஆகி, சூப்பர் ஓவரில் நெல்லை ஜெயித்தது.

அன்றைக்கு ராத்திரியிலிருந்து ஒரு வாரம் எல்லாரும் பேசியது அந்த விரலைப் பற்றித்தான். அதைத் தாண்டிப் பேசியவர்கள் வழக்கமான இரண்டு கட்சியாகப் பிரிந்தார்கள். 'ஸ்பிரிட் ஆஃப் கிரிக்கெட்' என்றது ஒரு கட்சி. 'ரூல்ல இருக்கு, அப்புறம் என்ன?' என்றது இன்னொன்று. இரண்டுமே சோம்பேறித்தனமான வாசிப்பு என்று எனக்குப் படுகிறது. ஒரு கவிதையை 'நல்லா இருக்கு', 'நல்லா இல்ல' என்று சொல்லிவிட்டுப் போவது மாதிரி. விதி என்பதும் ஒரு பிரதிதான். அதை வரிவரியாக வாசித்தால்தான் அதற்குள் யார் யாரை ஏமாற்றுகிறார்கள் என்பது தெரியும்.

அந்த ராத்திரி அமலில் இருந்த எம்.சி.சி. சட்டத்தில் இந்த ரன் அவுட் 41.16 என்ற எண்ணில் இருந்தது. 41ஆம் சட்டத்தின் தலைப்பு 'நியாயமற்ற ஆட்டம்'. உள்ளே போய் வாசித்தால் நியாயமற்றவராகச் சொல்லப்படுகிறவர் சீக்கிரமே கோட்டை விட்டுக் கிளம்புகிற நான்-ஸ்ட்ரைக்கர்தான். ஆனால் தலைப்பை மட்டும் வாசிக்கிறவருக்கு என்ன தோன்றும்? பந்துவீச்சாளர் ஏதோ கள்ளத்தனம் செய்கிறார் என்றுதான். இதை 'ரன் அவுட்' என்ற 38ஆம் சட்டத்துக்கு மாற்றப்போவதாக எம்.சி.சி. 2022 மார்ச்சில் அறிவித்துவிட்டது. அமலுக்கு வந்தது அக்டோபர் 1ஆம் தேதி. சங்கர் நகர் ஆட்டம் இந்த இரண்டு தேதிக்கும் நடுவில் விழுந்தது. வார்த்தை மாறிவிட்டது, இடம் இன்னும் மாறவில்லை என்ற அந்தரமான நிலைமை.

அதற்குள் ஒரு மனிதரின் பெயர் 75 வருடம் சீரழிந்துவிட்டது. 1947 டிசம்பர் 13 அன்று சிட்னி டெஸ்டில் வினூ மன்கட், ஆஸ்திரேலியாவின் பில் பிரவுனை இப்படி அவுட் ஆக்கினார். அதே சுற்றுப்பயணத்தின் முந்தைய ஆட்டம் ஒன்றில் அதே பிரவுனை முதலில் எச்சரித்துவிட்டு, பிறகு அவுட் ஆக்கியும் இருந்தார். எதிரணித் தலைவர் டொனால்ட் பிராட்மேனே மன்கட் செய்தது சரி என்று தன் சுயசரிதையில் எழுதினார். ஆனாலும் 'மன்கடிங்' என்ற சொல் நிலைத்துவிட்டது. 1952இல் லார்ட்ஸில் ஒரே டெஸ்டில் 72, 184 ரன் அடித்து, 5 விக்கெட்டும் எடுத்த ஆள். அவர் பெயர் ஒரு குற்றத்தின் பெயராக அகராதிக்குள் போனது. கோட்டை விட்டு வெளியே போனது பிரவுன். அதற்கு ஏன் 'பிரவுனிங்' என்று பெயர் வரவில்லை? இத்தனைக்கும் எல்லாரும் மேற்கோள் காட்டுகிற அந்த 'ஸ்பிரிட்' சட்டப் புத்தகத்துக்குள் முன்னுரையாக நுழைந்ததே 2000இல்தான்.

நம்மூர்ப் பிள்ளைகளிடம் இதைவிட நல்ல சொற்கள் இருக்கின்றன. பிசான அறுப்பு முடிந்து காய்ந்து கிடக்கும் வயலிலோ, கோடையில் மணல் தெரிகிற தாமிரபரணிப் படுகையிலோ டென்னிஸ் பந்தில் ஆடுகிற பையன்களைக் கவனித்தால் தெரியும். 'போங்கு' என்று ஒரு சொல் உண்டு. 'போங்கு ஆட்டம் ஆடாதலே' என்றால் ஆட்டத்தையே குலைக்காதே என்று அர்த்தம். 'போக்குக் காட்டுறது' என்று இன்னொன்று. கபடியில் ரைடர் வலது பக்கம் சாய்வது மாதிரி சாய்ந்து இடது பக்கம் காலை நீட்டுவானே, அது போக்கு. கூக்ளி போடுகிறவன் காட்டுவதும் போக்குதான். அதற்குக் கைதட்டுவார்கள். இரண்டு சொல்லுக்கும் ஒரு எழுத்துதான் வித்தியாசம். இரண்டிலும் ஏமாற்று இருக்கிறது. ஒன்றை ஆட்டம் கொண்டாடுகிறது, இன்னொன்றை ஆட்டம் தாங்காது.

எது போக்கு, எது போங்கு என்று பிரிக்க எனக்கு ஒரு கேள்வி போதும். ஏமாறாமல் இருக்க அந்த ஆளுக்கு வழி இருந்ததா? தனக்கு உரியது எதையும் இழக்காமல் அவன் தப்பித்திருக்க முடியுமா?

கபடியில் எதிராளியின் இடுப்பையும் காலையும் பார்த்துக்கொண்டே இருக்கலாம், வழி இருக்கிறது. கூக்ளிக்குக் கையைப் பார்க்கலாம், வழி இருக்கிறது. 2021 ஏப்ரல் 4 அன்று ஜோகன்னஸ்பர்க்கில் நடந்ததை இந்தக் கேள்வியால் சோதித்துப் பாருங்கள். பாகிஸ்தானின் ஃபகர் ஜமான் 193 ரன்னில் இரண்டாவது ரன்னுக்கு ஓடிவருகிறார். விக்கெட் கீப்பர் குவின்டன் டி காக், பந்து எதிர்முனைக்குப் போகிற மாதிரிக் கையைக் காட்டுகிறார். ஃபகர் வேகத்தைக் குறைத்துத் திரும்பிப் பார்க்கிறார். பந்து அவர் ஓடிவந்த முனையிலேயே ஸ்டெம்பில் அடிக்கிறது. முதுகுக்குப் பின்னால் வருகிற பந்தை ஓடுகிறவர் எப்படிப் பார்ப்பார்? முன்னால் நிற்கிறவரின் உடல்மொழியை நம்புவதைத் தவிர வழியில்லை. 2017இல் வந்த 41.5ஆம் சட்டம் இப்படி வேண்டுமென்றே ஏமாற்றுவதற்கு 5 ரன் தண்டனை வைத்திருக்கிறது. அந்த வருடமே செப்டம்பரில் ஆஸ்திரேலிய உள்ளூர்ப் போட்டியில் மார்னஸ் லபுஷேன், கையில் இல்லாத பந்தை எறிவது போல நடித்ததற்காக அவருடைய அணி அந்த 5 ரன்னைக் கொடுத்தது. ஜோகன்னஸ்பர்க்கில் அம்பயர்கள் அதைப் பயன்படுத்தவில்லை. வேண்டுமென்றே செய்தாரா என்பதை அம்பயர்தான் முடிவு செய்ய வேண்டும் என்றது எம்.சி.சி. என் கேள்விப்படி அது போங்கு.

இந்தச் சிக்கலோடு அதிக காலம் மல்லுக்கட்டிய ஆட்டம் பேஸ்பால். அங்கே பந்தெறிகிறவர் பிட்சர். முதல் பேஸில் நிற்கிற ரன்னர், பந்து வீசப்படுவதற்கு முன்பே பத்தடி வெளியே வந்து நிற்பார். அது தப்பில்லை. அடுத்த பேஸுக்கு ஓடிவிட்டால் அதற்குப் பெயரே 'திருடுவது', அதைப் புள்ளிவிவரத்தில் பெருமையாக எழுதுவார்கள். பிட்சர் திடீரென்று முதல் பேஸுக்கு எறிந்து அவரை அவுட் ஆக்கலாம். ஆனால் பந்தைப் போடுகிற அசைவைத் தொடங்கிவிட்டால் முடித்தாக வேண்டும். முதல் பேஸுக்கு எறிவது மாதிரி நடித்துவிட்டு எறியாமல் இருக்கவும் கூடாது. செய்தால் அது 'பால்க்', ரன்னர்கள் எல்லாரும் ஒரு பேஸ் முன்னேறுவார்கள். அங்கே வெளியே வந்து நிற்பது ரன்னரின் உரிமை. அதை விட்டுக்கொடுத்தால்தான் தப்பிக்க முடியும் என்றால் அது வழி ஆகாது. அதனால் பிட்சரின் உடலுக்கு ஒரு எல்லை போட்டார்கள்.

கிரிக்கெட்டில் நான்-ஸ்ட்ரைக்கருக்கு அந்த உரிமை கிடையாது. அவர் மட்டையைக் கோட்டுக்குள் வைத்துக்கொண்டு, பந்து கையை விட்டுப் போகிறவரை பந்துவீச்சாளரைப் பார்த்துக்கொண்டு நின்றால் போதும். அவருக்கு உரிய ஒரு அங்குலம்கூட நட்டமாகாது. அவர் இழப்பது தனக்குச் சொந்தமில்லாத மூன்றடியை மட்டும். அதனால் அபராஜித் செய்ததைப் போங்கு என்று சொல்ல முடியாது. சொல்வதானால் மூன்றடி முன்னால் போய் நின்றதைத்தான் சொல்ல வேண்டும்.

இங்கே ஒரு கடினமான வழக்கு இருக்கிறது. 2019 மார்ச் 25, ஜெய்ப்பூர். அஷ்வின் ஓடிவந்து, நின்று, 69 ரன் அடித்திருந்த ஜாஸ் பட்லரை ரன் அவுட் ஆக்கினார். முதலில் அஷ்வின் பக்கம் நின்ற எம்.சி.சி., சில நாளில் மாற்றிப் பேசியது. அவர் அதிக நேரம் நிறுத்திவிட்டார், அது ஆட்டத்தின் ஆன்மாவுக்கு ஏற்றதல்ல என்றது. பேஸ்பாலாக இருந்தால் அது சந்தேகமே இல்லாமல் பால்க். அப்போதைய சட்டம் சொன்னது, 'வழக்கமாகப் பந்தை விடுவார் என்று எதிர்பார்க்கப்படும் நொடி' வரை அவுட் ஆக்கலாம் என்று. யார் எதிர்பார்ப்பது? பட்லரா, அம்பயரா, டிவியில் பார்க்கிற நாமா? 2023 ஜனவரியில் மெல்போர்னில் ஆடம் ஸாம்பா இதே மாதிரி முயன்று, கை செங்குத்தைத் தாண்டிவிட்டது என்று மூன்றாவது அம்பயர் மறுத்த பிறகுதான், எம்.சி.சி. வரியைத் திருத்தியது. வழக்கமான வீச்சில் கை அதன் உச்சத்தைத் தொடும் இடம்தான் எல்லை என்று இப்போது இருக்கிறது. அஷ்வின் நின்றது எனக்கும் அழகாகத் தெரியவில்லை. ஆனாலும் அது போக்குதான். பட்லர் கண்ணெதிரேதான் அவர் நின்றார். பார்த்துக்கொண்டிருந்தால் ஏமாறியிருக்க வேண்டியதில்லை.

இதுவரை சொன்னதெல்லாம் கேமரா இருக்கிற ஊருக்கு. எனக்கு அக்கறை கேமரா இல்லாத இடத்தில். வண்ணார்பேட்டையிலோ பாளையங்கோட்டையிலோ ஞாயிற்றுக்கிழமை டென்னிஸ் பந்து ஆட்டத்தில் அம்பயர் யார்? பெரும்பாலும் பேட்டிங் அணியில் தன் முறைக்குக் காத்திருக்கிற பையன். அவன் முன்கால் கோட்டைத் தாண்டுகிறதா என்று கீழே பார்க்க வேண்டும். அதே நொடியில் கை உச்சத்தைத் தொட்டதா என்று மேலே பார்க்க வேண்டும். ரன்னரின் மட்டை எங்கே என்று பக்கவாட்டிலும் பார்க்க வேண்டும். மூன்று கண் வேண்டும். பௌலர் கத்துவான்: 'அண்ணே, நிக்கான் பாருங்க, பாதி பிட்ச்சு போயிட்டான்!' அம்பயருக்கு அவன் சொந்த அணிக்காரன். என்ன சொல்வான்?

ஒருமுறை எச்சரிக்கிற வழக்கம் இங்கேதான் அர்த்தமாகிறது. டிவி வர்ணனையில் அதைப் பெருந்தன்மை என்கிறார்கள். எனக்கு அது சாட்சி தயாரிக்கிற வேலையாகத் தெரிகிறது. 'ஒரு தடவ சொல்லியாச்சு, அடுத்த தடவ அடிச்சிருவோம்' என்று சத்தமாகச் சொல்லும்போது மைதானமே அந்தக் கோட்டைப் பார்க்க ஆரம்பிக்கிறது. அடுத்த தடவை அம்பயர் தனியாக இல்லை, இருபது ஜோடிக் கண் கூட இருக்கிறது. கேமரா இருக்கிற இடத்தில் இது தேவையில்லை. 2022 செப்டம்பர் 24 அன்று லார்ட்ஸில் தீப்தி சர்மா, சார்லி டீனை அவுட் ஆக்கியபோது நடந்ததைப் பாருங்கள். எச்சரித்தோம் என்றார் தீப்தி, இல்லை என்றார் இங்கிலாந்தின் ஹெதர் நைட். வார்த்தைக்கு எதிராக வார்த்தை. ஒரு பத்திரிகையாளர் வீடியோவை உட்கார்ந்து பார்த்து எண்ணினார். அதற்கு முன் 72 முறை டீன் சீக்கிரமே கிளம்பியிருந்தார். எச்சரிக்கை நடந்ததா என்ற சண்டையே வீண் என்று அந்த எண் சொல்லிவிட்டது. ஆற்றுமணலில் அந்த 72ஐ எண்ண யாரும் இல்லை. அமெரிக்காவிலும் இந்த வித்தியாசம் உண்டு. தொழில்முறை பேஸ்பாலில் பால்க் நடந்தாலும் அந்த ஆட்டம் ஓடி முடிகிறவரை விடுவார்கள். பள்ளிக்கூட ஆட்டங்களில் அந்த நொடியே பந்து செத்துவிடும், குழப்பத்துக்கு இடமில்லை.

நம் சினிமாவும் இந்த இடத்தைத் தாண்டிப் போய்விடுகிறது. 'சென்னை 600028' தெருவைக் கொண்டாடியது. 'லப்பர் பந்து' உள்ளூர் ஆட்டத்துக்குள் சாதி எப்படி அணியைத் தேர்ந்தெடுக்கிறது என்று காட்டியது. இரண்டிலும் நாயகன் ஆடுகிறவன். நடுவில் நிற்கிற அந்தப் பையனை யாரும் கதையாக்கவில்லை. ஆனால் ஊர் ஆட்டங்களில் அடிதடி தொடங்குவது பல தடவை அவன் விரலில்தான். யாருடைய 'ஆமாம்' செல்லும், யாருடைய 'இல்லை' செல்லாது என்பதில் தெருவின் அதிகாரம் முழுதும் இருக்கிறது. பெரிய தெருப் பையன் வெளியே நின்றால் 'சும்மா நின்னாம்ப்பா'. சின்னத் தெருப் பையன் ஸ்டெம்பைத் தட்டினால் 'போங்கு'. மன்கட் பெயருக்கு நடந்ததும் இதுதான், சிட்னி அளவுக்குப் பெரிதாக.

நாக்-அவுட் போட்டிக்கு ஒட்டுகிற போஸ்டர்களில் நுழைவுக் கட்டணம், பரிசுத் தொகை, கோப்பை வழங்குகிறவர் படம் எல்லாம் இருக்கும். கடைசியில் ஒரு வரி: 'நடுவர் தீர்ப்பே இறுதியானது.' அந்த வரி அந்தப் பையனைத் தனியாக விட்டுவிட்டு ஒதுங்கிக்கொள்கிறது. அதன் கீழே இன்னும் இரண்டு வரி சேர்த்துவிடுங்கள் என்று போட்டி நடத்துகிற அண்ணன்மாரிடம் கேட்டுக்கொள்கிறேன். பௌலர் கை உச்சத்துக்குப் போகிறவரை ரன்னரின் மட்டை கோட்டுக்குள் இருக்க வேண்டும். முதல் தடவை அம்பயர் இரண்டு அணிக்கும் கேட்கிற மாதிரி சத்தமாக அறிவிப்பார், அடுத்த தடவை அவுட்.