பதில்கள் மட்டும் உள்ள கோப்பு

காந்தியின் எழுத்துகளை இந்திய அரசின் வெளியீட்டுப் பிரிவு ஆங்கிலத்தில் 100 தொகுதிகளாகக் கொண்டுவந்திருக்கிறது. அவற்றில் கணிசமான பகுதி கடிதங்கள். 1934இல் காங்கிரஸ் உறுப்பினர் பொறுப்பிலிருந்து விலகிய பிறகும் கட்சியை வழிநடத்தியவர் அவர். மகாதேவ் தேசாய், பியாரேலால், ராஜகுமாரி அம்ரித் கௌர் போன்ற செயலாளர்கள் கவனித்த அவருடைய தபால், ஒரு கட்சித் தலைமையின் கோப்பும்தான்.

அந்தக் கோப்பைப் பெண்கள் எப்படிப் படிப்பது என்பதே என் கேள்வி. தொகுதிகளில் இருப்பவை அவர் எழுதியவை. அவருக்குப் பெண்கள் எழுதியவை அடிக்குறிப்பிலோ பின்னிணைப்பிலோ அவருடைய மேற்கோளிலோதான் தலைகாட்டுகின்றன.

ஓர் எடுத்துக்காட்டு. 1938 டிசம்பர் 31 தேதியிட்ட 'ஹரிஜன்' இதழில், பஞ்சாபைச் சேர்ந்த ஒரு கல்லூரி மாணவியின் கடிதத்துக்குக் காந்தி பதில் எழுதினார். வெளியே போகும் பெண்களை ஆண்கள் சீண்டுவதைப் பற்றிய கடிதம் அது. ஏறக்குறைய இரண்டு மாதம் தன் கோப்பிலேயே கிடந்ததாக அவரே சொல்கிறார். சீண்டுபவர்களின் பெயர் தெரிந்தால் ஊரறிய வெளியிட வேண்டும் என்று துணிச்சலான யோசனை சொன்னவர், அதே கட்டுரையில் நவீனப் பெண் பல ரோமியோக்களுக்கு ஜூலியட்டாக இருக்க விரும்புகிறாள் என்றும், பிறர் கவனத்தைக் கவரவே உடுத்துகிறாள் என்றும் எழுதிவிட்டார். புகார் கொடுத்தவளின் உடை விசாரணைக்கு வந்துவிட்டது. இன்றும் நமக்குப் பழக்கமான விசாரணைதான்.

பதினொரு பெண்கள் சேர்ந்து மறுப்பு எழுதினார்கள். துன்புறுத்துவது ஆணாக இருக்கும்போதும் பழி ஏன் பெண்மேல் விழுகிறது என்று கேட்டார்கள். அத்தனை ஜூலியட்டுகள் இருந்தால் அத்தனை ரோமியோக்களும் இருந்தாக வேண்டுமே, திருத்தம் எங்கே தொடங்க வேண்டும் என்றார்கள். 1939 பிப்ரவரியில் காந்தி அதை வெளியிட்டார். அந்த நேர்மையை மறுப்பதற்கில்லை. ஆனால் படிக்க வசதியாகச் சில மாற்றங்கள் செய்ததாக அவரே குறிப்பிடுகிறார். பெண்கள் பெயரும் முகவரியும் கொடுத்திருந்தும் இதழில் அவை இல்லை. அது அவர்களைக் காப்பாற்றுவதற்காகவும் இருக்கலாம். விளைவு என்னவோ, வரலாற்றில் அவர்கள் வெறும் 'பதினொருவர்'. அவருடைய பதிலோ, தென்னாப்பிரிக்காவில் நாற்பது ஆண்டுகளுக்கு முன்பே பெண்களுக்குத் தொண்டு செய்யத் தொடங்கியதை நினைவூட்டுகிறது. கேள்வி அவர் எழுதியதைப் பற்றியது. பதில் அவர் செய்த தொண்டைப் பற்றியது.

பெண்கள் எழுதியதெல்லாம் அழிந்துவிட்டது என்று சொல்லித் தப்பிக்கவும் முடியாது. மீராபென்னுக்குக் காந்தி எழுதிய கடிதங்கள் 1949இலேயே நூலாயின. இருவர் கடிதங்களையும் சேர்த்து திரிதீப் சுஹ்ருத்தும் தாமஸ் வெபரும் பதிப்பித்த நூல் வந்தது 2014இல். முதல் நூலில் மீராபென் அறிவுரை பெறுபவர். இரண்டாவதில் தன் குரலில் பேசுபவர். இந்த இரண்டுக்கும் இடையே 65 ஆண்டுகள்.

ஆய்வு செய்யும் மாணவிகளுக்கு ஒன்று சொல்வேன். தலைவர்களின் கடிதத் தொகுப்பைத் திறக்கும்போது, பதிலுக்கு முன்னால் வந்த கடிதத்தைத் தேடுங்கள். யார் எழுதினார், எத்தனை நாள் கிடந்தது, எந்த வரி வெட்டப்பட்டது என்று கேளுங்கள். அந்த மூல மடல் கிடைக்காவிட்டால், அது கிடைக்கவில்லை என்பதையும் உங்கள் ஆய்வேட்டில் எழுதுங்கள்.