22-க்கு 8

சென்னையில் பியானோ கற்கும் பிள்ளையிடம் என்ன வாசிக்கிறாய் என்று கேட்டால், இசையமைப்பாளர் பெயர் வராது. "ஃபோர்த் கிரேடு" என்றுதான் பதில் வரும். லண்டனிலிருந்து வரும் டிரினிட்டி, ஏபிஆர்எஸ்எம் தேர்வுகளின் எட்டுப் படிகளே இங்கே பல வீடுகளில் பியானோக் கல்வியாகிவிட்டன.

பழிக்குமுன் இந்த ஏற்பாடு தந்ததைச் சொல்லிவிட வேண்டும். எந்த டீச்சர் வாய்த்தாலும் ஸ்கேல்ஸ், சைட் ரீடிங் என்று ஓர் அடிப்படையைத் தாண்டாமல் மேலே போவது கடினம். உறவில் இசைக்காரர் ஒருவர்கூட இல்லாத பிள்ளைக்கு அடுத்த அடி எது என்று தெரிகிறது. முன்பின் தெரியாத ஒருவர் முன்னால் தனியாக உட்கார்ந்து வாசித்துவிட்டு எழுந்து வருவதும் சின்ன விஷயமில்லை.

உணர்ச்சியைத் தேர்வு நடத்துபவர்கள் மறந்துவிட்டார்கள் என்றும் சொல்ல முடியாது. டிரினிட்டியில் ஒரு படைப்புக்கு 22 மதிப்பெண்: தடுமாறாத, பிழையற்ற வாசிப்புக்கு 7, விரல் திறனுக்கு 7, படைப்பின் உயிரைக் கேட்பவரிடம் சேர்ப்பதற்கு 8. ஏட்டில் குறையே இல்லை. அந்த எட்டை வகுப்பில் தேற்றும் விதத்தில்தான் இடிக்கிறது. "இங்கே மெதுவா வா, இங்கே சத்தம் ஏத்து, கடைசியில இழு" என்று டீச்சர் பென்சிலால் வட்டமிடுகிறார். பிள்ளையும் அப்படியே செய்கிறது. கண்ணில் கிளிசரின் விட்டு அழுவது மாதிரி.

பியானோ அப்படி ஏமாறும் கருவியும் இல்லை. 1700 வாக்கில் ஃப்ளாரன்ஸில் கிறிஸ்டோஃபோரி செய்த புதுமை, கட்டையை அழுத்தும் வேகத்துக்கேற்பச் சுத்தி தந்தியை மெல்லவோ பலமாகவோ தட்டும் என்பது. தட்டியதும் சுத்தி விலகிவிடும். அதன்பின் அந்தச் சுரத்தைப் பெருக்க முடியாது, அசைக்க முடியாது. பிறந்த கணத்திலிருந்தே அது தேய்கிறது. வயலின்காரர் வில்லை இழுத்தபடியே ஒலியை வளர்க்கலாம். நம் பாடகர் ஒரே சுரத்தில் நின்று கமகத்தால் அதை உருட்டலாம். பியானோக்காரரோ தேயும் சுரத்தின் மிச்சத்தைக் காதால் அளந்து, அதற்கு இசைவான எடையில் அடுத்ததைத் தொட்டுவைக்க வேண்டும். தனித்தனித் தட்டல்கள் ஒரே மூச்சில் பாடியது போல் கேட்பது அந்தக் காதின் வேலை. அது பழுக்கப் பல ஆண்டுகள் ஆகும். பென்சில் வட்டம் அதற்கு உதவாது. வீட்டில் இருப்பது, எப்படித் தொட்டாலும் ஒரே சத்தம் தரும் மலிவுக் கீபோர்டு என்றால் காதுக்கு வேலையே இல்லை.

இதைவிடப் பெரிய கோளாறு ஒன்று உண்டு: தேர்வு முடிந்தால் படைப்பும் முடிந்துவிடுகிறது. வழக்கப்படி படிக்கு மூன்று என்றால், எட்டுப் படிக்கும் சேர்த்து இருபத்து நான்கு. எதற்கும் திரும்பிப் போவதில்லை. பியானோக் கலைஞர் கிளென் கூல்டோ 22 வயதில், 1955-இல், பாக்கின் கோல்ட்பெர்க் வேரியேஷன்ஸைப் பதிவு செய்தார். தொடக்க ஏரியா இரண்டு நிமிடத்துக்குள் ஓடிவிடும். அந்தப் பதிவே அவருக்குப் புகழைத் தந்தது. இருந்தும் 1981-இல் மறுபடி வாசித்தார். அதே ஏரியா மூன்று நிமிடத்தைத் தாண்டுகிறது. எது சிறந்தது என்ற சண்டை ரசிகர்களிடையே இன்னும் ஓயவில்லை. எனக்கு இரண்டாவதுதான். இதில் எந்தப் பதிவுக்கு எட்டுக்கு எட்டு போடுவது?

ஷூமன் 1838-இல் எழுதிய 'டிராய்மெராய்' என்ற பியானோப் படைப்பு ஒரே பக்கம். சுமாராக வாசிப்பவரே சில வாரங்களில் சுரங்களைப் பிடித்துவிடலாம். அறுபது ஆண்டுகளுக்குப் பின் தாயகம் திரும்பிய பியானோக் கலைஞர் ஹோரோவிட்ஸ், 82 வயதில் மாஸ்கோவில் அதை வாசித்தபோது அரங்கில் கண்கள் கலங்கியதை ஒளிப்பதிவில் இன்றும் பார்க்கலாம். எண்பதிலும் தேடுவதற்கு அந்த ஒரு பக்கத்தில் ஏதோ மிச்சம் இருந்திருக்கிறது.

என் பங்குக்கு, சின்ன வயதில் தேர்வுக்கு வாசித்த ஜி மேஜர் மினுவெட்டைத் திரும்ப எடுத்திருக்கிறேன். பாக் எழுதியது என்று சொல்லித்தந்தார்கள், எழுதியவர் பெட்சோல்ட். அன்று நல்ல மதிப்பெண்தான். இடக்கை எவ்வளவு முரட்டுத்தனமாக விழுகிறது என்பது இப்போதுதான் காதில் கேட்கிறது.